வெள்ளியில் பொறித்த பறவைகள்: நியூசிலாந்து நாணயங்களும் மாவோரிப் பெயர்களும்

1933-ஆம் ஆண்டுவரை நியூசிலாந்தில் புழங்கிய வெள்ளி நாணயங்கள் பெரும்பாலும் பிரித்தானிய நாணயங்களே. அவ்வாண்டு சனவரித் திங்களில் நியூசிலாந்துப் பவுண்டின் மதிப்புக் குறைக்கப்பட்டு, 100 பிரித்தானியப் பவுண்டுக்கு 125 நியூசிலாந்துப் பவுண்டு என்னும் வீதம் ஏற்பட்டது. இரு நாடுகளிலும் புழங்கிய நாணயமோ ஒன்றுதான். ஆகவே நியூசிலாந்தில் கிடைத்த வெள்ளி நாணயங்களைத் திரட்டிக் கடல்கடந்து கொண்டுபோய் மாற்றியவர்களுக்கு இருந்த இடத்திலேயே ஆதாயம் கிட்டியது. நாட்டில் சில்லறை வற்றத் தொடங்கவே, தனி நாணயம் அச்சிடுவது தவிர்க்க முடியாததாயிற்று. இவ்வாறு கள்ளக்கடத்தலைத் தடுக்கப் பிறந்த நாணயத் தொகுதியில்தான் அத்தீவுகளுக்கே உரிய பறவைகள் முதன்முதலாக வெள்ளியில் இடம்பெற்றன. சார்ச்சு குரூகர் கிரே என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஃபுளோரின் என்னும் இரண்டு சில்லிங் நாணயத்தில் கிவிப் பறவையையும், ஆறு பென்சு நாணயத்தில் ஹுயாப் பறவையையும் அமைத்தார். 1946 வரை அச்சிடப்பட்ட இந்நாணயங்களில் செம்பாதி வெள்ளி. 1947 முதல் வெள்ளி நீங்கிச் செம்பு-நிக்கல் கலவை வந்தது. இன்று அந்த வெள்ளித் துண்டுகள் சேகரிப்போர் கைகளில் உள்ளன.

நாணயவியலார் இவற்றை உலோகம், எடை, அச்சிட்ட எண்ணிக்கை என்பவற்றைக் கொண்டு ஆராய்வர். மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவற்றில் வேறொரு செய்தி உண்டு. நாணயத்தில் பொறிக்கப்பெற்ற உயிர்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் சொந்தப் பெயர் கிடையாது. மாவோரி மொழிப் பெயரே ஆங்கிலத்திலும் வழங்குகிறது. சிலவற்றுக்கு இரு பெயர்கள் உள்ளன. சிலவற்றின் முதற்பெயர் எந்த மொழியினுடையதோ அம்மொழியின் கடைசிப் பேச்சாளரே மறைந்துவிட்டார். நாணயத்தின் கதையோடு இப்பெயர்களின் கதையையும் சேர்த்து நோக்கி, அவற்றைத் தமிழில் எழுதுங்கால் எழும் சிக்கல்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பறவையும்

ஆறு பென்சு நாணயத்தின் ஹுயா வெளிவந்தபோது அப்பறவை உலகில் இல்லை. ஐயத்திற்கிடமின்றி அது கடைசியாகக் காணப்பட்டது 1907-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில். நாணயம் அச்சானது அதற்கு 26 ஆண்டுகள் கழித்து. ஹுயாவின் வால் இறகுகள் பன்னிரண்டு. கரிய இறகின் நுனியில் வெண்பட்டை. அவ்விறகைத் தலையில் சூடுவது மாவோரித் தலைமக்களின் உரிமை. அதனைப் பேணிவைக்கச் செதுக்குவேலை அமைந்த மரப்பேழை தனியே இருந்தது. அப்பேழையின் பெயரிலேயே பறவையின் பெயரும் அடங்கியுள்ளது. 1901-இல் வருகை தந்த யார்க்குக் கோமகனின் தொப்பியில் ஹுயா இறகு செருகப்பட்டது. அதன்பின் ஐரோப்பியரிடையே அவ்விறகு அணிவது நாகரிகமாயிற்று; ஏற்கெனவே காடழிப்பாலும் புதிதாகக் குடியேறிய விலங்குகளாலும் நலிந்திருந்த இனத்துக்கு வேட்டையும் சேர்ந்துகொண்டது. பறவை அழிந்தபின் அதற்கு அரச முத்திரை கிடைத்தது என்பதை வரலாற்றின் கேலி என்று விட்டுவிடலாகாது. மொழி வழக்கிலும் இதுவே நிகழ்கிறது: பொருள் மறைந்தபின் பெயர் அடையாளச் சின்னமாகி, முன்னிலும் பரவலாக வழங்குகிறது.

ஹுயா என்பது பறவையின் குரலிலிருந்து பிறந்த ஒலிக்குறிப்புப் பெயர். கிவி என்பதனையும் பலர் அவ்வாறே கொள்வர். மாவோரிப் பறவைப் பெயர்களில் ஒலிக்குறிப்புப் பெயர்கள் மிகுதி. எனினும் நம் இலக்கணத்தார் கூறும் காரணப்பெயர்களும் குறைவல்ல. துவத்தரா என்பது பல்லிபோல் தோன்றினும் பல்லியினத்தைச் சேராத, தொல்பழங்கால ஊர்வன வரிசை ஒன்றின் எஞ்சிய ஒரே உறுப்பு. ‘துவா’ முதுகு, ‘தரா’ முள் அல்லது கூர்முனை. முதுகில் முள்வரிசை உடையது என்பது பொருள். பதின்மக் காசு முறை 1967 சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தபோது சேம்சு பெர்ரி வடித்த ஐந்து சென்ட்டில் அது இடம்பெற்றது. அந்தக் காசு 2006-இல் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே துவத்தரா சேகரிப்போருக்கான ஐந்து டாலர் நாணயமாக மீண்டும் வந்தது. கடைத்தெருவிலிருந்து வெளியேறிய உயிர் கண்ணாடிப் பேழைக்குள் குடிபுகுந்தது எனலாம்.

காக்காப்போ என்னும் கிளியின் பெயரும் இத்தகையதே. ‘காக்கா’ கிளிவகை, ‘போ’ இரவு. இரவில் நடமாடும், பறக்கவியலாத இக்கிளியின் பெயரைத் தமிழில் எழுதியவுடன் வேறொரு பொருள் குறுக்கிடுவதைத் தமிழறிந்தார் எவரும் உணர்வர்: அது காக்கையை விரட்டும் தொடர்போல் ஒலிக்கிறது. ஒலிபெயர்ப்பின் நேர்மை எப்போதும் வாசகனின் காதுக்கு நேர்மையாக அமைவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. காக்காப்போ 1986-ஆம் ஆண்டின் ஒரு டாலர் சிறப்பு நாணயத்தில் பொறிக்கப்பட்டது. 1995-இல் எஞ்சியிருந்தவை 51 மட்டுமே. தீவுகளுக்கு இடம்பெயர்த்துப் பேணியதன் பயனாக 2022-இல் எண்ணிக்கை 250-ஐக் கடந்தது.

சேகரிப்போருக்கான டாலர்கள்

ஒரு டாலர் நாணயம் 1967 முதல் புழக்கத்துக்கன்றிச் சிறப்பு நிகழ்வுகளுக்கென்றே அச்சிடப்பட்டு வந்தது. சாதாரண வகை செம்பு-நிக்கலிலும், மெருகேற்றிய சிறப்பு வகை ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியிலும் வெளியாயின. 1974-இல் நியூசிலாந்து நாளையொட்டி வந்த டாலரில் வெண்கொக்கு, 1980-இல் விசிறிவால், 1982-இல் தக்கஹே, 1984-இல் சாத்தம் தீவின் கரிய ராபின், 1985-இல் கரிய நெடுங்கால் உள்ளான், 1986-இல் காக்காப்போ, 1988-இல் மஞ்சள்கண் பெங்குவின். பட்டியலை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். விசிறிவால் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் அந்நாட்டில் அருகிப்போனவை. 1933-இல் தேசிய அடையாளமாக வந்த பறவை, அரை நூற்றாண்டுக்குள் தேசியக் கவலையாக மாறிவிட்டது.

இவற்றுள் தக்கஹேயின் வரலாறு சொல்லாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. மேலை அறிவியல் இதனை முதலில் அறிந்தது எலும்புகள் வாயிலாகவே. 1848-இல் ரிச்சர்டு ஓவன் அவ்வெலும்புகளைக் கொண்டு பெயரிட்டார். பின்னர் உயிருள்ள பறவைகள் சில பிடிபட்டன. 1898-க்குப் பிறகு ஒன்றும் அகப்படாமையால் இனம் அற்றுப்போனதாகவே எண்ணப்பட்டது. 1948 நவம்பரில் சியாஃப்ரி ஆர்பெல் என்னும் மருத்துவர் தெ அனவு ஏரிக்கு மேலுள்ள மர்ச்சிசன் மலைகளில் அதனைக் கண்டார். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் ‘தக்கஹே’ என்பது சுட்டுபொருள் இல்லாத சொல்லாக அகராதியில் வாழ்ந்தது. தரையை மிதித்தலைக் குறிக்கும் ‘தக்கஹி’ என்னும் வினையோடு இப்பெயரை இணைத்துக் காண்பாரும் உளர். சொல்லைக் காத்தவர்கள் மாவோரி மக்கள். சொல் இருந்தமையால்தான் 1948-இல் மலையிறங்கி வந்த செய்திக்கு உடனே ஒரு பெயர் இருந்தது.

நெடிலும் குறிலும்

மாவோரி மொழியில் மெய்யொலிகள் பத்து, உயிரொலிகள் ஐந்து. அவ்வைந்தும் குறில், நெடில் என இருவகைப்படும். அந்த வேறுபாடு பொருளை மாற்றும். 1988-ஆம் ஆண்டு டாலரில் உள்ள மஞ்சள்கண் பெங்குவினுக்கு மாவோரிப் பெயர் ஹொய்ஹோ. உரத்துக் கத்துவது என்னும் காரணம் பற்றியது. முதல் உயிரை நீட்டி ஹோய்ஹோ என்றால் அது குதிரை! ஆங்கிலச் சொல்லிலிருந்து கடன்பெற்ற பெயர் அது. ஆங்கில எழுத்தில் உயிரின் மேல் இடும் சிறு கோடு ஒன்றுதான் பெங்குவினையும் குதிரையையும் பிரிக்கிறது. நாணயப் பட்டியல்களும் செய்தித்தாள்களும் நெடுங்காலம் அக்கோட்டை விட்டே எழுதின. 1987-இல் மாவோரி மொழிச் சட்டம் அதனை ஆட்சிமொழியாக்கி, மொழி ஆணையம் ஒன்றையும் நிறுவியது. ஆணையம் நெடிற்கோட்டைப் பரிந்துரைத்தது. புரூசு பிக்சு போன்ற மொழியியலார் உயிரெழுத்தை இரட்டித்து எழுதும் முறையை மேற்கொண்டனர். கோடே பின்னர் நிலைபெற்றது.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. எகர ஒகரங்களின் குறிலைப் புள்ளியிட்டு வேறுபடுத்தல் தொல்காப்பியம் கூறும் முறை. ஏடெழுதியோர் புள்ளியை விட்டமையால் குறிலும் நெடிலும் மயங்கின. வீரமாமுனிவரின் எழுத்துத் திருத்தம் அம்மயக்கத்தை நீக்கியது. ஆகவே நெடிற்கோடு குறித்த மாவோரியரின் விவாதத்தைத் தமிழ் வாசகர் எளிதில் விளங்கிக்கொள்வர். மேலும், அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து குறிலும் அவற்றின் நெடிலும் தமிழ் எழுத்தில் தனித்தனியே உள்ளன. மாவோரி உயிர்களுக்கு இதனினும் பொருத்தமான எழுத்தமைப்பு இந்திய மொழிகளில் அரிது. இந்தி எழுதப்படும் நாகரியில் எகர ஒகரக் குறில்களுக்கு வழக்கமான எழுத்தே இல்லை. ஆங்கில வடிவத்தைப் பார்த்துப் பெயர்ப்பவர் நெடிற்கோடற்ற மூலத்தை நம்பினால் இந்த வாய்ப்பை இழக்கிறார். ‘டகாஹி’, ‘காகபோ’ போன்ற வடிவங்கள் இவ்வாறு வந்தவையே. கோடிட்ட வடிவத்தைத் தேடிக் கண்டபின்னரே ஒலிபெயர்ப்பது முறை.

ஆயினும் தமிழ் எழுத்தின் வசதிக்குத் தமிழ் இலக்கணமே ஓர் எல்லை வகுக்கிறது. எகரக் குறில் மெய்யோடு கூடிச் சொல்லின் இறுதியில் வாராது. ஒகரக் குறிலும் நகரத்தோடன்றி வாராது. ஹொய்ஹோ என்பதன் ஈறு மாவோரியில் குறில். தமிழில் அது நெடிலாகவே நிற்க வேண்டியுள்ளது. இறுதி அகரமும் ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்னும் வழக்கையொட்டி நீள்கிறது. இக்கட்டுரையிலும் சொல்லிறுதிக் குறில்கள் அவ்வாறே எழுதப்பட்டுள்ளன. இடையில் வரும் வல்லினம் மற்றொரு தொல்லை. மாவோரியில் ஒலிப்புடை வெடிப்பொலிகள் இல்லை. தமிழிலோ தனி வல்லினம் உயிர்களுக்கிடையே ஒலிப்புடையதாகும். ‘காகாபோ’ என்றெழுதினால் ககரமும் பகரமும் திரியும். இரட்டித்தால் ஒலிப்புத் தவிர்க்கப்படும், ஆனால் மூலத்தில் இல்லாத இரட்டிப்பு நேரும். இரண்டனுள் இரட்டிப்பே சிறு குறை. மாவோரி என்னும் இனப்பெயரிலும் தமிழர் வகர உடம்படுமெய்யை இட்டே எழுதுகின்றனர். மூலத்தில் அங்கு மெய் ஏதும் இல்லை. எவரும் அதனைப் பிழையென்று கருதியதில்லை.

நியூசிலாந்தில் உலோகத்தில் பொறித்த எழுத்து என்றவுடன் தமிழாய்வாளர்க்கு நினைவுக்கு வருவது வேறொன்று. 1836 அளவில் வட தீவில், மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு அவிக்கப் பயன்படுத்திய வெண்கல மணியின் உடைந்த பகுதி ஒன்றை வில்லியம் கொலன்சோ கண்டார். அதன் விளிம்பில் தமிழ் எழுத்துகள் இருந்தன. ஒரு கப்பலின் மணி என்று உடைமையாளர் பெயருடன் அறிவிக்கும் வாசகம் அது. இன்று வெலிங்டனில் உள்ள தெ பப்பா அருங்காட்சியகத்தில் ‘தமிழ் மணி’ எனப் பேணப்படுகிறது. அது அங்குச் சேர்ந்த வழிபற்றிக் கூறப்பட்டவை பெரும்பாலும் ஊகங்கள். ஆனால் அதனைக் கண்டெடுத்த கொலன்சோ மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837-இல் அச்சிட்டவர். பின்னாளில் மாவோரி அகராதிப் பணியில் பல்லாண்டு உழைத்தவர் என்பது இவண் நினைக்கத்தக்கது.

ஒருமை பன்மை பற்றியும் ஒரு குறிப்பு இன்றியமையாதது. மாவோரியில் பறவையைக் குறிக்கும் சொல் ‘மனு’. ‘தெ மனு’ என்றால் ஒரு பறவை, ‘ஙா மனு’ என்றால் பல. பன்மையைக் காட்டுவது முன்னிற்கும் சுட்டே, பெயர் மாறுவதில்லை. மக்களைக் குறிக்கும் பெயர்கள் சிலவற்றில் மட்டும் உயிர் நீண்டு பன்மையாகும்: ‘தங்ஙத்தா’ மனிதன், ‘தாங்ஙத்தா’ மனிதர், ‘வஹினே’ பெண், ‘வாஹினே’ பெண்டிர். உயர்திணைக்குப் பன்மை தேவை, அஃறிணைக்கு அது பெயரில் தேவையில்லை என்னும் நம் மரபோடு இது ஒத்திருத்தல் வியப்பூட்டுகிறது. ‘கிவி வந்தது’, ‘கிவி வந்தன’ என எழுதுவது தமிழிலும் இயல்பு. பால்பகா அஃறிணைப் பெயராகவே அது நிற்கும். நியூசிலாந்து ஆங்கிலத்தில் மாவோரிப் பெயர்களுக்கு ஆங்கிலப் பன்மை விகுதி சேர்ப்பதை இன்று பெரிதும் தவிர்க்கின்றனர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘கள்’ விகுதியை விடுத்தால் இரு மரபுக்கும் இயைந்தவராவார்.

பெயர்ப்பா, மொழிபெயர்ப்பா?

ஒலிபெயர்ப்புக் கூடாதெனின் பொருள்பெயர்ப்பு. அங்கும் இடர்கள் உள்ளன. 1984-ஆம் ஆண்டு நாணயத்தின் கரிய ராபினைக் ‘கருஞ்சிட்டு’ என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் கருஞ்சிட்டு என்பது நம் ஊர்களில் காணும் இந்திய ராபினுக்குத் தமிழில் வழங்கும் பெயர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. தாம் விட்டுவந்த நாட்டின் ராபினை நினைந்து ஆங்கிலேயர் தொலைதூரத் தீவின் பறவைக்கும் அப்பெயரை இட்டனர். அந்த ஏக்கத்தை மொழிபெயர்ப்பாளர் தமிழுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. மாறாக, 1982-ஆம் ஆண்டின் தக்கஹே நம் நீர்நிலைகளில் உலவும் நீலத் தாழைக்கோழியின் பேரினத்தையே சேர்ந்தது. ‘பறவாத் தாழைக்கோழி’ என ஒரு விளக்கம் சேர்த்தால் வாசகர் கண்முன் உரு எழும். விசிறிவாலும் அவ்வாறே, தமிழகத்து விசிறிவாலும் நியூசிலாந்து விசிறிவாலும் ஒரே பேரினம். இங்குத் தமிழ்ப்பெயர் உரிமையோடு நிற்கிறது.

ஆனால் பறவை ஒன்றாயினும் அதைச் சூழ்ந்த பொருள் ஒன்றாவதில்லை. விசிறிவாலுக்கு மாவோரியில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வழக்கில் இருந்தன: பீவக்கவக்கா, தீவைவக்கா, தீரைரக்கா என வட்டாரந்தோறும் வேறுபடும். வாலை விரித்துத் துள்ளும் அதன் அசைவை இரட்டைக்கிளவிபோல் ஒலிக்கும் இப்பெயர்கள் பற்றிக்கொள்கின்றன. மாவோரித் தொன்மத்தில் மாவுயி என்னும் வீரன் சாவை வெல்லக் கருதி, இரவின் பெருந்தலைவியாகிய ஹினெ-நுய்-தெ-போ உறங்குகையில் அவள் உடலினுள் புகுகிறான். அக்காட்சியைக் கண்ட விசிறிவால் சிரித்துவிட, அவள் விழித்துக்கொள்கிறாள், மாவுயி மாய்கிறான். மனிதர்க்கு இறப்பு நிலைபெற்றது அவ்வாறு. இதனால் விசிறிவால் வீட்டினுள் நுழைந்தால் சாவின் அறிகுறி என்னும் நம்பிக்கை உண்டு. 1980-ஆம் ஆண்டின் வெள்ளி டாலரைக் கையில் ஏந்திய ஐரோப்பியச் சேகரிப்பாளர் தோட்டத்துச் சிறு பறவையைக் கண்டார். மாவோரி முதியவர் ஒருவருக்கு அது வேறு செய்தியையும் சொல்லியிருக்கக்கூடும். ‘அழகிய சிறு பறவை’ என்னும் அடைமொழியோடு நாணய விளம்பரத்தை அப்படியே தமிழாக்குபவர் பாதியை மட்டும் பெயர்த்தவராவார்.

கோத்துக்கு எனப்படும் வெண்கொக்கு இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. 1974-ஆம் ஆண்டின் டாலரிலும், 1990 எனத் தேதியிட்ட இரண்டு டாலர் புழக்க நாணயத்திலும் இருப்பது அதுவே. தமிழகத்து ஏரிகளில் நாம் காணும் பெரிய வெள்ளைக் கொக்கும் அதுவும் நெருங்கிய உறவு. சிலர் ஒரே இனமென்றே கொள்வர். நியூசிலாந்தில் அது கூடுகட்டுவது தென் தீவின் மேற்குக் கரையில் ஓக்காரித்தோ அருகே ஓரிடத்தில் மட்டும். ஆதலால் வாழ்நாளில் ஒருமுறையே காணக்கிடைக்கும் பறவை என்னும் கருத்து மாவோரிப் பழமொழியில் அமைந்து, அரிதாக வரும் சிறப்பு விருந்தினரை அதனோடு ஒப்பிடுவர். தமிழ் மரபில் கொக்கு காலம் பார்த்துக் காத்திருத்தலுக்கு உவமை. அருமைக்கு ஒருபோதும் உவமையாகாது, ஏனெனில் அது ஒவ்வொரு வயலிலும் நிற்கிறது. ‘கொக்கு’ என்று சரியாகப் பெயர்த்தாலும் நாணயத்தின் பெருமை தமிழில் கரைந்துபோகும். ‘கோத்துக்கு என்னும் அரிய கொக்கு’ என்பதைப்போன்ற தொடர் சற்று நீளமாயினும் உதவும்.

கிவிக்கு நேர்ந்தது இதற்கு எதிரானது. பறவைப் பெயராகப் பிறந்து, நியூசிலாந்து மக்களைக் குறித்து, அந்நியச் செலாவணிச் சந்தையில் அந்நாட்டு டாலரையும் குறித்தது அச்சொல். 1959-இல் ஏற்றுமதி வணிகத்தின்பொருட்டுச் சீன நெல்லி எனப்பட்ட பழத்துக்கும் அப்பெயர் சூட்டப்பட்டது. இன்று தமிழில் ‘கிவி’ என்றால் பழக்கடைதான் முதலில் நினைவுக்கு வரும். ‘வெள்ளிக் கிவி’ என்னும் தலைப்பு மயக்கம் தரும். பறவை என்று விளங்கச் சொல்வது நலம். கிவியின் உட்பிரிவுகளுக்குத் தனி மாவோரிப் பெயர்கள் உள்ளன. அவற்றுள் ‘தொக்கொயெக்கா’ என்பதற்கு, ஊன்றுகோல் ஏந்திய வெக்காப் பறவை என்று பொருள் கூறுவர். கிவியின் நீண்ட அலகை ஊன்றுகோலாகக் கண்ட கண் எத்துணைக் கூர்மையானது!

யாருடைய பெயர்?

1991-இல் மாவோரியர் அறுவர் வைத்தாங்கி நடுவர் மன்றத்தில் ஒரு முறையீட்டைப் பதிவுசெய்தனர். அது 262 என்னும் வரிசையெண்ணால் அறியப்படுகிறது. நாட்டின் இயல் தாவரங்கள், உயிரினங்கள், அவைபற்றிய மரபறிவு, கலைவடிவங்கள் ஆகியவற்றின்மீது மாவோரியர்க்குள்ள உரிமையே வழக்கின் பொருள். தீர்ப்பறிக்கை இருபது ஆண்டுகள் கழித்து, 2011-இல் வெளிவந்தது. உயிரினங்களின்மீது உடைமை என ஒன்றை மன்றம் ஏற்கவில்லை. ஆயின் அவற்றைப் பேணுவோர் என்ற முறையில் மாவோரியர்க்குள்ள உறவு தக்க பாதுகாப்புப் பெறவேண்டும் என்றது. முன்னதாக 1986-இல் அதே மன்றம் மாவோரி மொழியையே ஒப்பந்தத்தால் காக்கப்படவேண்டிய செல்வம் என்று அறிவித்திருந்தது. மறு ஆண்டின் மொழிச் சட்டம் அதன் விளைவு. பறவை, அதன் உருவம், அதன் பெயர் என்னும் மூன்றும் ஒரே செல்வத்தின் கூறுகள் என்பது முறையீட்டாளர் நோக்கு. ஒரு பெயரை விடுத்து ஆங்கிலப் பெயரை மட்டும் தமிழாக்குவது இந்நோக்கில் வெறும் நடைத்தேர்வன்று.

இவ்வினாவை மேலும் கூர்மையாக்குவது சாத்தம் தீவுகள். அங்கு வாழ்ந்தவர் மொரியொரி மக்கள். அவர்தம் மொழி மாவோரிக்கு நெருங்கிய உறவுடையதாயினும் தனித்தன்மை கொண்டது. 1835-இல் மாவோரிக் குழுவினர் இருவகையார் அத்தீவில் இறங்கி மொரியொரியரைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் ஆண்டனர். மொழியின் கடைசித் தாய்மொழிப் பேச்சாளராகக் கருதப்படும் ஹிரவானு தப்பு 1900-இல் மறைந்தார். அவர் கூறியவற்றைக் கேட்டெழுதிய சொற்பட்டியல்களே பெரும்பாலும் எஞ்சின. எனவே இங்கு ‘நாட்டு மொழி’ என்று மாவோரியை மட்டும் சுட்டினால், ஆங்கிலம் மாவோரிக்குச் செய்ததை மாவோரி மொரியொரிக்குச் செய்ததாகும்.

1984-ஆம் ஆண்டு டாலரின் கரிய ராபினுக்கு மாவோரிப் பெயர் கக்கருயா. மொரியொரிப் பெயர் கருரே. 1980-இல் உலகில் இருந்தவை ஐந்தே பறவைகள். அவற்றுள் குஞ்சு பொரிக்க வல்ல பெண் ஒன்று மட்டும். காலில் இட்ட வளையத்தின் நிறத்தால் ‘முதிய நீலி’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட அப்பறவையின் முட்டைகளை டான் மெர்ட்டனும் அவர் குழுவினரும் வேறு பறவைகளின் கூட்டில் வைத்து அடைகாக்கச் செய்தனர். எடுத்த முட்டைக்கு ஈடாக அது மீண்டும் இட்டது. இன்றுள்ள கரிய ராபின் அனைத்தும் அதன் வழித்தோன்றல்களே. நாணயம் வெளிவந்தபோது இம்முயற்சி முடிவடைந்திருக்கவில்லை. வெள்ளியில் பொறித்தவர்கள், ஹுயாவைப் போல இதுவும் நினைவுச்சின்னமாகிவிடுமோ என்று அஞ்ச இடமிருந்த காலம் அது.

2004-ஆம் ஆண்டின் ஐந்து டாலர் நாணயத்தில் இடம்பெற்ற கடற்பறவைக்கு மாவோரிப் பெயர் தாய்க்கோ, மொரியொரியில் சாய்க். 1867-இல் மசெந்தா என்னும் இத்தாலியக் கப்பலில் சென்றோர் நடுக்கடலில் சுட்டெடுத்த ஒரே உடலைக்கொண்டு அறிவியல் அதற்குப் பெயரிட்டது. உயிருடன் மீண்டும் உறுதிசெய்தது 1978 சனவரி முதல் நாளில் டேவிட் கிராக்கெட்டு என்பவர். இரு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்தால் மொரியொரியின் ஒலிமாற்றங்கள் இரண்டும் ஒருங்கே தெரிகின்றன: சொன்முதல் தகரம் அண்ணவொலியாகிச் சகரத்தை அணுகியது, சொல்லிறுதி உயிர் தேய்ந்தது. தகரம் சகரமாதல் ‘படித்தான்’ ‘படிச்சான்’ என்னும் நம் பேச்சுவழக்கில் அறிந்ததே. அங்குக் காரணம் வேறு. இப்பறவை கூடுகட்டுவது சாத்தம் தீவில் மட்டுமே. ஆகவே தமிழாக்கத்தில் ‘சாய்க்’ என்பதனை முதலிலும், ‘தாய்க்கோ’ என்பதனை அடுத்தும், கப்பலின் பெயரால் வந்த ஆங்கிலப் பெயரைக் கடைசியிலும் தருவதே அப்பெயர்கள் பிறந்த வரிசைக்கு ஏற்றதாகும்.